மாஸ்கோ நகரத்து வணிகர் செர்கேய் ஷ்சூக்கின்

பெருஞ்செல்வர்களின் மாளிகைகளில் சித்திரங்கள் தொங்குவது புதுமையன்று. அரசரைப் பார்த்துப் பிரபுக்களும், பிரபுக்களைப் பார்த்து வணிகர்களும் தத்தம் சுவர்களைப் படங்களால் நிரப்பிக்கொண்டு வந்திருக்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை வாங்கியவருடைய பொருள்வளத்தை நமக்கு அறிவிக்குமேயன்றி அவர் மனத்தை அறிவிக்கமாட்டா. வருவோர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிந்தும், உற்றார் பித்தரென்று நகைப்பர் என்பதை அறிந்தும், தமக்கே அப்படம் இன்னும் முற்றும் பிடிபடவில்லை என்பதை உணர்ந்தும், ஒருவர் அதனை விலைகொடுத்து வாங்கித் தாம் நாள்தோறும் உண்ணும் அறையிலே மாட்டுவாராயின், அத்தகையவரின் வரலாறு நாம் அறியத்தக்கதே. ருஷிய தேசத்தில் அவ்வாறு வாழ்ந்த துணி வணிகர் ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

செர்கேய் இவானொவிச் ஷ்சூக்கின் 1854-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தந்தையார் இவான் வாசிலியெவிச் தம் முயற்சியாலேயே பெருநிலைக்கு வந்தவர். பழைய சமயாசாரத்தைக் கைவிடாது பற்றியிருந்த வணிகக் குலத்தில் தோன்றியவர். சிக்கனமும் கண்டிப்பும் மிக்கவர். தாயார் தேயிலை வணிகத்தாற் புகழ்பெற்ற போத்கின் குடும்பத்தைச் சார்ந்தவர். அக்குடும்பத்தில் கல்வியும் கலையும் ஒருங்கே குடிகொண்டிருந்தன. தாய்மாமன்மாருள் ஒருவர் பேர்பெற்ற வைத்தியர்; மற்றொருவர் மேனாட்டுச் சித்திரங்களைத் தொகுத்துத் தம் வீட்டில் வைத்திருந்தவர். ஆகவே தந்தைவழியில் கணக்கும் தாய்வழியில் கலையுமாக இரண்டு செல்வங்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டின.

ஆயினும் செர்கேய் பிறவியிலேயே மெலிந்த உடலினர், குள்ளமானவர், அதற்குமேல் திக்குவாய். உடன்பிறந்தோர் வெளியூர்ப் பள்ளிகளுக்குச் செல்ல, இவர் நெடுங்காலம் வீட்டிலேயே ஆசிரியரிடம் பயில நேர்ந்தது. இப்பிள்ளையால் வியாபாரத்துக்கு உதவி யாதும் இராது என்றே வீட்டார் முதலில் எண்ணினர். இவரோ நாள்தோறும் தேகப்பயிற்சி செய்து உடலை உரமாக்கிக்கொண்டார். திக்குவாய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்பொருட்டு ஜெர்மனிக்குச் சென்றார். அது முற்றும் நீங்கவில்லை. வாழ்நாள் முழுதும் அவருடன் இருந்தது. ஆனால் அந்நாட்டிலேயே கேரா என்னும் ஊரின் வணிகக் கல்லூரியிற் கற்றுத் தேறி மீண்டார். 1878-இல் தந்தையார் மைந்தரையும் பங்காளிகளாகச் சேர்த்து வாணிக நிலையத்தைப் புதுப்பித்தபோது, உதவாதவர் என்று கருதப்பட்ட இவரே எல்லாரினும் கூரிய வியாபாரியாக விளங்கினார். ஆலைகளில் நெய்த துணிகளை மொத்தமாகக் கொண்டு ருஷியாவின் உள்நாடுகளுக்கும், சைபீரியாவுக்கும், பாரசீகம் முதலிய கீழ்த்திசை நாடுகளுக்கும் விற்பது அந்நிலையத்தின் தொழில். சந்தையின் போக்கை முன்னதாகவே உணரும் ஆற்றலுக்காக மாஸ்கோ வணிகர் இவருக்கு வாணிப மந்திரி என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். 1890-இல் தந்தையார் காலமானபின் நிலையத்தின் பொறுப்பு இவர் தோளில் ஏறியது.

தந்தையார் வாங்கியிருந்த மாளிகையும் இவர் பங்கிற்கு வந்தது. ஸ்நாமென்ஸ்கி சந்தில், கிரெம்ளின் கோட்டைக்கு அணித்தாய் நின்ற அந்த மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது; திருபெத்ஸ்கோய் என்னும் பிரபு குடும்பத்தாரின் பெயரால் வழங்கியது. கோமான்கள் குடியிருந்த மனையில் வணிகர் குடிபுகுவது அக்கால மாஸ்கோவிற் சாதாரணமாகிவிட்டது. சித்திரம் தொகுப்பதும் அவ்வாறே பிரபுக்கள் கையினின்று வணிகர் கைக்கு மாறியது. லினன் ஆலைக்கு உரியவரான பாவெல் திரெத்தியாக்கோவ் ருஷியச் சித்திரங்களை ஆயுள் முழுதும் தேடித் தொகுத்து 1892-இல் மாஸ்கோ நகரத்துக்கே கொடுத்துவிட்டார். ஷ்சூக்கின் சகோதரர்களிலும் பலர் தொகுப்பாளரே. மூத்தவரான பியோத்தர் ருஷியத் தொல்பொருள்களைத் திரட்டி, அவற்றிற்கெனக் கட்டடமும் எழுப்பி, 1905-இல் சரித்திரக் காட்சிச்சாலைக்கு வழங்கினார். திமித்ரி என்பார் பழைய ஐரோப்பிய ஆசிரியர்களின் படங்களைத் தேடினார். முதுமையிற் கண்ணொளி இழந்தார். பாரிஸில் வாழ்ந்த இவான் ஸ்பெயின் தேசத்துப் படங்களில் ஆசைவைத்தார். இவர்களுக்கிடையில் செர்கேய் நாற்பது வயதைக் கடந்தபின்பே இத்துறையில் இறங்கினார் என்பது கருதத்தக்கது.

1898-ஆம் ஆண்டளவிலே பாரிஸ் நகரத்துச் சித்திர வணிகரான துரான்-ருயேலிடம் மோனே என்பாரின் படத்தை அவர் வாங்கினார். மோனேயும் அவர் தோழர்களும் இம்ப்ரெஷனிஸ்டுகள் எனப்படுவர். பொருளின் வரம்பைக் கோடிட்டுக் காட்டாமல், ஒளி அதன்மேல் விழுந்த கணத்தில் கண்ணுக்குத் தோன்றுவதையே வண்ணப் புள்ளிகளாலும் தீற்றல்களாலும் எழுதுவது அவர்கள் முறை. பிரான்சிலேயே அவர்களை ஏளனம் செய்தோர் பலர். மாஸ்கோவிலோ அவர்களைக் கண்ணாற் கண்டவர் அரியர். ஷ்சூக்கினுக்கு அந்த ஒளி பிடித்துவிட்டது. சில ஆண்டுகளுள் மோனேயின் படங்கள் மட்டும் பதின்மூன்று அவர் மாளிகைக்கு வந்து சேர்ந்தன. பின்னர் தெகா, ரெனுவார், செசான், வான் கோ என ஒருவர்பின் ஒருவராக வந்தனர்.

கோகேன் வந்த கதை தனியே சொல்லத்தக்கது. தென்கடல் தீவாகிய தாஹீத்தியில் வாழ்ந்து அந்நாட்டு மாந்தரையும் மரங்களையும் தடித்த நிறங்களால் தீட்டிய அந்தப் பிரெஞ்சுக்காரரை ருஷியாவில் எவரும் மதித்திலர். ஷ்சூக்கின் முதலில் வாங்கிய படத்தை வெளிப்படக் காட்ட அஞ்சி ஒதுக்கிடத்தில் வைத்திருந்தார் என்றும், நெருங்கிய நண்பருக்கு மட்டும் காட்டி, இதனைத் தீட்டியவனும் பித்தன், வாங்கியவனும் பித்தன் என்று திக்கித் திக்கிச் சொல்லிச் சிரித்தார் என்றும் கூறுவர். பின்னாளிலோ பதினாறு கோகேன் படங்கள் அவருடைய உணவறைச் சுவரில் ஒன்றையொன்று தொட்டு நெருங்கி நின்றன. ருஷிய ஆலயங்களில் திருவுருவப் படங்கள் அடுக்கடுக்காக நிற்கும் பெருஞ்சுவரை அது நினைவூட்டியது என்று கண்டவர் எழுதிவைத்துள்ளனர். மஞ்சளும் சிவப்புமாக ஒளிவிடும் அச்சுவரை வடதேசத்துப் பனிக்காலத்தின் மங்கிய பகலிற் கண்டோருக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வெயிலிலேயே வளர்ந்த நாம் ஒருவாறுதான் ஊகிக்கலாம்.

இனி, அவர் வாழ்வில் நேர்ந்த இன்னல்களைச் சொல்லவேண்டும். 1905-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ருஷியாவெங்கும் கிளர்ச்சி பரவிற்று. மாஸ்கோவில் வேலைநிறுத்தமும், பின்னர்த் தெருச்சண்டையும் மூண்டன. பல வணிகர் அஞ்சி நகரை விட்டகன்றனர். ஷ்சூக்கினோ அகலாமல் நின்று, சந்தையிற் கிடந்த துணியையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். அமைதி திரும்பியபோது விலையை வைப்பவர் அவரே ஆயினார், பெருலாபம் கிட்டியது. வாணிகத் துறையிலே அவருடைய பெருவெற்றி அதுவே. ஆனால் அதே நாட்களிலே, நவம்பர் மாதத்தில், பதினேழு வயதான அவர் மைந்தன் செர்கேய் காணாமற்போனான். தேடாத இடமில்லை. அடுத்த ஆண்டு வசந்தத்தில் பனிக்கட்டி உருகியபோது மாஸ்கோ ஆற்றில் அவன் உடல் அகப்பட்டது. 1907 ஜனவரியில் மனைவியார் லிதியா சில நாள் நோயிலேயே மறைந்தார். 1908-இல் பாரிஸிலிருந்த தம்பி இவான் கடன்சுமையிற் சிக்கித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் அரும்பொருளென்று தொகுத்த ஸ்பானியப் படங்களுட் பல போலியென்று சொல்லப்பட்டதும் அத்துயரத்தோடு சேர்ந்தது. 1910 ஜனவரியில் செவிப்புலன் குன்றியிருந்த மைந்தன் கிரிகோரியும் அவ்வாறே இறந்தான். நாலரை ஆண்டுக்குள் நான்கு சாவுகள்.

இவற்றிற்கும் படங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மனைவியார் இறந்த சில நாட்களுக்குள் ஷ்சூக்கின் உயில் எழுதினார். தம் சித்திரங்கள் அனைத்தும் தம் காலத்திற்குப்பின் மாஸ்கோ நகரத்துக்கே உரியன என்று அதில் விதித்தார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் எகிப்து தேசம் சென்று, பாலைநிலத்தை ஒட்டகத்திற் கடந்து, சினாய் மலையடியிலுள்ள புனித கத்தரீனாள் மடத்தைத் தரிசித்துத் திரும்பினார். அப்பயணத்தை நாட்குறிப்பாகவும் எழுதிவைத்தார். மீண்டதும், 1908 முதல் தம் மாளிகையின் கதவை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லார்க்கும் திறந்துவிட்டார். மனைவியாரின் பெயர் விளங்கும்படி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆராய்ச்சி நிலையமொன்று அமையப் பெருந்தொகையும் வழங்கினார். 1912-இல் தொடங்கிய அந்நிலையம் அத்துறையில் ருஷியாவிற் பெயர்பெற்றதாக வளர்ந்தது. துயரம் சிலரைக் கதவடைக்கச் செய்யும். இவரைத் திறக்கச் செய்தது. அதன் காரணத்தை அவர் எங்கும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. நாமும் விளக்கத் துணியோம்.

ஞாயிறு காலையில் அங்கே கூடியவர் பலதரத்தினர்: மாணவர், ஆசிரியர், பத்திரிகைக்காரர், வேடிக்கை பார்க்க வந்த சீமாட்டிகள். சேவகரை விட்டுக் காட்டச்செய்யாமல் வீட்டுத்தலைவரே அறைக்கறை முன்சென்று படங்களை விளக்கினார். நாத் தடுமாறும் ஒருவர், நகைப்பதற்கென்றே வந்தோரும் கலந்த கூட்டத்தின்முன் நின்று, வாரந்தோறும் பேசுவதென்றால் அதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பதை மேடையேறிப் பழகும் நம் மாணவர் அறிவர். சொற்கள் தடைப்பட்டாலும் ஆர்வம் தடைப்படவில்லை என்று கேட்டோர் கூறியுள்ளனர். மாஸ்கோ சித்திரக் கல்லூரியின் மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். ஒருமுறை அம்மாளிகையைப் பார்த்து மீண்டவன் மறுநாள் வகுப்பில் ஆசிரியர் சொல்லைக் கேட்பதில்லை என்று அக்கல்லூரி ஆசிரியர்கள் முறையிட்டனராம். அம்முறையீடு உண்மையே. லாரியோனோவ், கொஞ்சரோவா, மலேவிச், தாத்லின் முதலாகப் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ருஷிய ஓவியர் தலைமுறை பாரிஸ் நகரின் புதுமையை மாஸ்கோவிலிருந்தபடியே கண்டு வளர்ந்தது அந்த அறைகளிலேதான். மற்றொரு துணிவணிகரான இவான் மொரோசோவ் இவருக்கு இணையான தொகுப்பை வைத்திருந்தார். நிதானத்திலும் தேர்விலும் இவரை விஞ்சியவர் என்பாரும் உண்டு. ஆனால் அவர் மாளிகைக் கதவு அத்துணை எளிதில் திறக்கவில்லை.

மத்தீஸ் என்னும் பிரெஞ்சு ஓவியருக்கும் ஷ்சூக்கினுக்கும் இடையே நிகழ்ந்தவை ஒரு தனி வரலாறு. 1906-இல் இருவரும் சந்தித்தனர். மத்தீஸ் அப்போது வறுமையோடு போராடிக்கொண்டிருந்தவர். பத்திரிகைகள் அவரையும் அவர் கூட்டாளிகளையும் காட்டு விலங்குகள் என்று எழுதிவந்தன. 1908-இல் உணவறைக்கென ஒரு பெரிய படத்தை ஷ்சூக்கின் கேட்டார். நீலமாக எழுதப்பட்டு முடிந்த அப்படத்தை மத்தீஸ் அனுப்புமுன் மறுபடியும் எடுத்து முழுவதும் சிவப்பாக மாற்றிவிட்டார். நீலத்திற்கு விலைபேசியவருக்குச் சிவப்பு வந்து சேர்ந்தது. வேறு எந்த வணிகராயினும் சரக்கு மாறிவிட்டதென்று திருப்பியனுப்பியிருப்பர். இவர் மறுக்காமல் ஏற்று மாட்டினார். மேசைவிரிப்பும் சுவரும் ஒரே சிவப்பாய், ஒரே கொடிவரிசையாய்க் கலந்துநிற்கும் அப்படம் இன்று மத்தீஸின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மறு ஆண்டில் மாளிகைப் படிக்கட்டின் சுவர்களுக்கென இரண்டு பெரும் படங்களை அவர் கேட்டார்: ஒன்று நடனம், மற்றொன்று சங்கீதம். விலை முறையே 15,000, 12,000 பிராங்கு. நடனத்தில் ஐவர் கைகோத்துச் சுழல்கின்றனர். சங்கீதத்தில் ஐவர் தனித்தனியே அமர்ந்தும் நின்றும் இருக்கின்றனர். பச்சைநிறக் குன்று, நீலவானம், செங்கல்நிற உடல்கள், வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றும் எட்டரை அடி உயரமும் ஏறத்தாழப் பதின்மூன்றடி அகலமும் உடையது. அவ்வுருவங்கள் ஆடையற்றவை. ஷ்சூக்கின் அப்போது ஆதரவற்ற சிறுமியரை வீட்டில் எடுத்து வளர்த்துவந்தார். விருந்தினர் ஏறிவரும் படிக்கட்டிலே இத்தகைய படம் தகுமா என்னும் தயக்கம் தொடக்கத்திலேயே அவருக்கு இருந்தது. அத்தயக்கத்தை நாம் குறைகூறமாட்டோம். குடும்பத்தலைவர் எவர்க்கும் அது எழும்.

1910-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவ்விரு படங்களும் பாரிஸில் வைக்கப்பட்டபோது பார்த்தவரெல்லாம் எள்ளி நகைத்தனர். நேரில் வந்த ஷ்சூக்கின் அந்த இரைச்சலைக் கண்டார், உள்ளம் தளர்ந்தார், படங்கள் வேண்டா என்று சொல்லிவிட்டார். அவற்றிற்கு மாறாகப் புவி தெ ஷாவான் என்னும் முன்தலைமுறை ஓவியரின் பெரும்படமொன்றை வாங்க விழைந்தார். அப்படம் மிகப் பெரிதாதலின் அதனை விரித்துக் காட்டக் கடையில் இடமின்றி, மத்தீஸின் சித்திரக்கூடத்திலேயே கொண்டுவந்து காட்டினர். தம் படங்கள் தள்ளப்பட்டதைத் தம் கூடத்திலேயே மத்தீஸ் காணவேண்டியதாயிற்று. மகனை இழந்து ஓராண்டும் நிறையாத நிலையில் இவர். தந்தையைச் சில நாட்களுக்கு முன்பே இழந்து நின்றவர் அவர். இருவர் நிலையும் இரங்கத்தக்கதே.

ஷ்சூக்கின் ரயிலேறினார். பாரிஸிலிருந்து மாஸ்கோவுக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். அந்த நேரமெல்லாம் அவர் தம்மையே கேட்டுக்கொண்டு வந்தார் போலும். ஊர் சேர்ந்ததும் தந்தியடித்தார்: நடனத்தையும் சங்கீதத்தையும் அனுப்பிவிடும்படி. தொடர்ந்து எழுதிய கடிதத்தில், தம் கோழைத்தனத்தை எண்ணி வெட்கமுறுவதாகவும், போர்முனையில் ஒரு கைபாராமல் திரும்புவது முறையன்று என்றும், தம் நாட்டார் நகைப்பினும் படங்களை மாட்டியே தீர்வதாகவும் அறிவித்தார். ஆண்டிறுதியிற் படங்கள் வந்தன, படிக்கட்டில் ஏறின. சங்கீதப் படத்திற் குழலூதும் சிறுவனின் உறுப்பை மட்டும் சிவப்பு மையால் சிறிதே மறைத்துக்கொண்டார். படத்தைக் கெடுத்தார் என்று இதனைப் பழிக்கும் கலைவாணர் உளர். படங்களை வேண்டா என்று மறுத்து, ஈரிரவு உறங்காமல் மனம் மாறி ஏற்ற ஒருவர், வீட்டுச் சிறுமியரை எண்ணி ஒரு விரற்கடை மை பூசியதைப் பெருங்குற்றமாக எண்ண நமக்கு மனம் வரவில்லை.

1911-இல் மத்தீஸ் மாஸ்கோவுக்கு வந்து அம்மாளிகையிலேயே தங்கினார். படங்கள் கண்ணாடியிட்டுச் சாய்வாக மாட்டப்பட்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை; தம் படங்கள் நிறைந்த பெரிய கூடத்தைத் தாமே ஒழுங்குபடுத்தினார். ருஷியப் பழந்திருவுருவப் படங்களைக் கண்டு வியந்து, அவற்றைத் தேடி ஆலயந்தோறும் சென்றார். மேற்கூரையில் பழம்பாணி வேலைப்பாடுகள் உடைய அக்கூடத்தில் புத்தோவியங்கள் நெருங்கித் தொங்கிய காட்சியைப் புகைப்படங்களிற் காணலாம். பொன்முலாம் பூசிய நாற்காலிகள் கீழே. மேலே எவரும் அதுவரை கண்டிராத நிறங்கள்.

பிக்காஸோவை ஷ்சூக்கினுக்கு அறிமுகம் செய்தவரும் மத்தீஸே. ஆனால் இவரை அவர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் வாங்கிய படம் வீட்டிலுள்ள எதனோடும் பொருந்தாமல் நின்றது. உணவறைக்குச் செல்லும் வழியில், ஒளிகுறைந்த இடத்தில் அதனை மாட்டி, போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார் என்பர். உடைந்த கண்ணாடித் துண்டுகளை வாயிலிட்டதுபோலத் தொடக்கத்தில் இருந்ததாம். நாட்கள் சென்றபின் மற்றைப் படங்கள் அதனெதிரே உறுதியற்றனவாகத் தோன்றலாயின. 1914-இல் போர் மூண்டு வழிகள் அடைபடுமுன் பிக்காஸோ படங்கள் ஐம்பது அளவில் சேர்ந்துவிட்டன. மத்தீஸ் படங்கள் ஏறத்தாழ நாற்பது. மொத்தத் தொகுப்பு 250-க்கு மேற்பட்டது. பிடித்ததை வாங்குவோர் பலர். பிடிக்காததை அருகில் வைத்து அதனோடு பழகிப் பார்த்தவர் இவர். புதிய நூலொன்றை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு விளங்கவில்லையென்று மூடிவைக்கும் நமக்கு இது சற்றே உறுத்தத்தான் செய்கிறது.

போர்க்காலத்தில் அவர் நாதேஷ்தா என்னும் அம்மையாரை மறுமணம் புரிந்தார். இரீனா என்னும் மகள் 1915-இல் பிறந்தாள். 1917-இல் முடியாட்சி கவிழ்ந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் போல்ஷெவிக்கர் ஆட்சி நிலைகொண்டது. வணிகருக்கு அந்நாட்டில் இனி இடமில்லை என்பது தெளிவாயிற்று. மனைவியையும் குழந்தையையும் முன்னரே அனுப்பிவிட்டு, 1918 ஆகஸ்டில் ஷ்சூக்கினும் ருஷியாவை விட்டு மறைவாக வெளியேறினார். அறுபத்து நான்கு வயது. படங்களில் ஒன்றையும் உடன்கொண்டு செல்லவில்லை. மாளிகையை மகள் எகத்தெரீனாவிடமும் மருமகன் கெல்லர் பிரபுவிடமும் ஒப்படைத்துச் சென்றார். 1918 நவம்பர் 5-ஆம் நாள் லெனின் கையொப்பமிட்ட ஆணை பிறந்தது. ஷ்சூக்கினின் சித்திரசாலை அரசுடைமை என்று அது அறிவித்தது. ஊருக்குக் கொடுப்பதாக அவர் தாமே உயிலில் எழுதிவைத்திருந்ததை ஆணையிட்டுப் பறித்ததில் உள்ள விந்தையை என்னென்பது! தொகுப்பு, புதிய மேனாட்டு ஓவியத்தின் முதற் காட்சிச்சாலை எனப் பெயர்பெற்றது. சிலகாலம் மகளும் மருமகனும் தங்கள் வீட்டிலேயே அதற்குக் காப்பாளராய் இருந்து, பின்னர் அவர்களும் வெளியேறினர்.

ஷ்சூக்கின் ஜெர்மனியிலும் பிரான்சின் தென்கரையிலும் சிறிதுகாலம் தங்கிப் பின் பாரிஸில் நிலைத்தார். வெளிநாட்டு வங்கியில் முன்பே போட்டிருந்த பணம் இருந்தமையால் வறுமை அவரை அணுகவில்லை. எனினும் பழைய தொகுப்பாளர் மீண்டும் தோன்றவில்லை. தூஃபி போன்றாரின் சில படங்களை வாங்கினார், அவ்வளவே. ஒருகாலத்தில் இவர் வருகைக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த ஓவியர்கள் இப்போது பெருஞ்செல்வராயிருந்தனர். அவர்களைத் தேடிச் செல்ல இவர் விரும்பவில்லை. படங்களை மீட்க வழக்காடும்படி சிலர் தூண்டியபோது, தமக்காக மட்டுமன்றி நாட்டுக்காகவும் நாட்டு மக்களுக்காகவுமே தொகுத்ததாகவும், அங்கிருப்பதே தகும் என்றும் சொல்லி மறுத்துவிட்டார் என அவர் குடும்பத்தார் கூறிவந்தனர்.

மூத்த மைந்தர் இவானைப் பற்றி இங்கே ஒருவார்த்தை. தந்தையோடு புலம்பெயர்ந்த இவர் கீழ்த்திசைக் கலையாராய்ச்சியில் ஈடுபட்டு, மொகலாயப் பேரரசர் காலத்து இந்தியச் சித்திரங்களைப் பற்றிய பெருநூலொன்றைப் பிரெஞ்சு மொழியில் 1929-இல் வெளியிட்டார். அக்பர், ஜஹாங்கீர் அவைகளின் சிற்றோவியங்களைப் பயில்வோர் அந்நூலைப் பலகாலம் துணைகொண்டனர். தாஹீத்தித் தீவின் படங்களின் கீழ் உணவருந்தி வளர்ந்த பிள்ளை நம் நாட்டு ஓவியத்தை வந்தடைந்தது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். அந்நூல் வெளிவந்ததைத் தந்தையார் கண்டார்.

1936 ஜனவரி 10-ஆம் நாள் ஷ்சூக்கின் பாரிஸில் காலமானார். மோன்மார்த்தர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

படங்களின் அலைச்சல் அதற்குப் பின்னும் ஓயவில்லை. 1923-இல் மொரோசோவ் தொகுப்போடு ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்த அவை, சில ஆண்டுகளில் மொரோசோவ் மாளிகைக்கே கொண்டுபோகப்பட்டன. ஷ்சூக்கின் மாளிகை வேறு அரசாங்கக் காரியங்களுக்கு உரியதாயிற்று. 1948-இல் ஸ்டாலின் ஆட்சி அந்தக் காட்சிச்சாலையையே கலைத்துவிட்டது. அப்படங்கள் மக்களுக்கு ஒவ்வாதன என்பது காரணம். மாஸ்கோவின் புஷ்கின் காட்சிச்சாலைக்கு ஒரு பங்கும், லெனின்கிராடின் ஹெர்மித்தாஜுக்கு ஒரு பங்குமாகப் பிரித்தனர். நடனத்தையும் சங்கீதத்தையும் ஹெர்மித்தாஜ் பெற்றது. பல ஆண்டுகள் அவற்றிற் பெரும்பகுதி கிடங்குகளிலே கிடந்தது. ஸ்டாலின் இறந்தபின் சிறிது சிறிதாக வெளியே வந்தது. 1954-இல் பிக்காஸோ படங்கள் சில பாரிஸுக்குக் காட்சிக்கு வந்தபோது மகள் இரீனா நீதிமன்றத்தை நாடினார். ருஷியர் படங்களை உடனே திரும்ப எடுத்துச் சென்றனர். தந்தை செய்யமாட்டேன் என்றதை மகள் செய்ததற்கு அவருக்கும் நியாயம் இருந்தது. தந்தையின் பெயரைக்கூடச் சொல்லாமல் அப்படங்களை உலகுக்குக் காட்டிவந்தனர் என்பதே அவர் மனக்குறை.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஷ்சூக்கின் தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 130 படங்கள் பாரிஸில் லூயி வித்தோன் நிலையத்தில் ஒருங்கே வைக்கப்பட்டன. இரு காட்சிச்சாலைகளுக்கும் பிரிந்திருந்தவை மறுபடி ஒரே கூரையின்கீழ் வந்தன. இம்முறை அவர் பெயர் வாயிலிலேயே எழுதப்பட்டிருந்தது. சில மாதங்களுள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தனர். மாஸ்கோ மாளிகையில், ஞாயிறு காலை, திக்கிய நாவோடு அவர் படங்களைக் காட்டத் தொடங்கி அப்போது நூற்றெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.